மூன்றும் ஒரே வயரில் வேண்டாம், போனை மட்டும் தனியே வையுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவுதான். வேலையில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு மாதத்தில் மட்டும் ஏழெட்டுப் பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், ஊர்ல அம்மா அப்பாவுக்கு நெட்டு, போன், டிவி மூணும் சேர்ந்த பிளான் போட்டு விடலாம்னு இருக்கேன். நீங்க போட்டிருந்தீங்களே, எப்படி இருக்கு?" மஸ்கட்டிலிருந்து ஒருவன், கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தி, சிங்கப்பூரிலிருந்து என் நாத்தனார் மகன். ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் தனித்தனியே குரல் பதிவு போட்டு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெட்டும் டிவியும் சேர்த்து எடுப்பதில் தப்பில்லை. ஆனால் வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் போனை அந்தக் கட்டுக்குள் வைக்காதீர்கள். இணைப்பும் பதிவு செய்த செல் நம்பரும் அந்த வீட்டில் இருப்பவர் பெயரில் இருக்கட்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில், நாம் எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்று பார்ப்போம்.

நான் ஆசிரியப் பயிற்சி படிக்கிற காலத்தில் நம் தீவில் செய்தி என்றால் இலங்கை வானொலி. மெட்ராஸில் 1975 ஆகஸ்ட் 15-லேயே தூர்தர்ஷன் வந்துவிட்டது என்றாலும் அந்தப் படம் நம் ஊர் வரைக்கும் எட்டாது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் டிவி வைத்திருந்த ஒன்றிரண்டு வீட்டில் ஆண்டெனாவை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்துப் படம் தெளிவாக வந்தது, சொந்த மாநிலத்துப் படம் வரவில்லை. பிறகுதான் ராமேஸ்வரத்தில் 300 மீட்டருக்கும் உயரமான தூர்தர்ஷன் கோபுரம் எழும்பியது. உங்களில் பாதிப் பேர் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் வந்தவர்கள்.

போன் தனிக்கதை. எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தெருவில் ஒரு வீட்டில் போன் வந்தால் அது தெருவுக்கே போன். வெளிநாட்டு அழைப்பு வந்தால் சின்னப் பிள்ளையை ஓடவிட்டு ஆளைக் கூட்டி வரச் சொல்வோம்.

அப்புறம் தனியார் கேபிள் வந்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. பிறகு எல்லா வீட்டிலும் செட்டாப் பாக்ஸ் வந்தது. 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர், 2021 ஜூலையில் ஏர்டெல் பிளாக் என்று ஒரே வீட்டுக்கு எல்லாம் சேர்த்துக் கொடுக்கிற திட்டங்கள் வந்தன. பி.எஸ்.என்.எல்-லும் 2024-ல் தன் ஃபைபர் வயரிலேயே டிவி சேனல் கொடுக்கிற சேவையைத் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஆரம்பித்தது.

ஆக, நாற்பது வருஷமாக மூன்று வெவ்வேறு வழியில் வீட்டுக்குள் வந்த மூன்று பொருள் இப்போது ஒரே வயரில் வருகிறது. பில்லும் ஒன்று, கம்பெனியும் ஒன்று.

இதில் நன்மை இல்லை என்று சொன்னால் அது பொய். பக்கத்து மாநிலம் ஆந்திராவில் 2017 டிசம்பர் 27 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தொடங்கி வைத்த அரசு ஃபைபர் நெட் திட்டத்தில் மாதம் 149 ரூபாய்க்கு நெட், போன், டிவி மூன்றும் கொடுத்தார்கள். கிராமத்து வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! கொரோனா வருஷங்களில் நம் பிள்ளைகள் ஒரு செல்போனை மூன்று பேர் பங்கு போட்டுப் பாடம் படித்ததை நான் மறக்கவில்லை. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் ஒரு நல்ல வயரும் இருந்த வீட்டுப் பிள்ளைக்கும், இரண்டும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் எழுத்தில் வித்தியாசம் தெரிந்தது. அதனால் வயர் வரட்டும், வேகம் வரட்டும். எனக்கு அதில் சண்டையே இல்லை. என் சண்டை மூன்றையும் சேர்த்துக் கட்டுகிற அந்த முடிச்சோடுதான்.

நம் ஊரில் மீன் கூறு வைத்து விற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். மேலே இரண்டு விளமீன் பளபளவென்று இருக்கும். கீழே காரலும் சூடையும் கிடக்கும். "அந்த ரெண்ட மட்டும் குடுக்கா" என்றால், "கூறப் பிரிக்க மாட்டேன், எடுத்தா மொத்தமா எடு" என்பார்கள். அது வியாபார முறை, சரி. ஆனால் கூறு மோசமாக இருந்தால் மறுநாள் நாம் அடுத்த அக்காவிடம் போகலாம். இந்தக் கட்டில் அது முடியாது. ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதான் கூறையே காட்டுகிறார்கள்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன். கேட்டும் போன் பண்ணாதீர்கள்.

என் மகள் கைக்குழந்தையோடு வந்து ஆறேழு மாதம் இங்கிருந்தே கம்பெனி வேலை பார்த்தாள். அவளுக்கு வேகமான நெட் தேவைப்பட்டது. "மாதம் 799 மட்டுமே, நெட் + போன் + டிவி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த திட்டத்தை எடுத்தோம். ஆறாம் வகுப்பில் நான் போட்ட சதவீதக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? 799-க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 143 ரூபாய் 82 காசு. ஆக மாதம் 942 ரூபாய் 82 காசு. ஆறு மாதத்துக்கு முன்பணம் 5,656 ரூபாய் 92 காசு. விளம்பரத்தில் இருந்த 799-ஐ நாங்கள் ஒரு நாளும் கொடுக்கவில்லை.

நெட் நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. மருமகன் கப்பலிலிருந்து வீடியோ கால் பேசினால் பிள்ளையின் முகம் அவ்வளவு தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது மாதம் செட்டாப் பாக்ஸ் நின்றுபோனது. கம்பெனி முத்திரை மட்டும் திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும். புகார் கொடுத்தோம், நம்பர் வந்தது. இரண்டாம் நாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி" என்று மெசேஜ் வந்தது. ஆள் யாரும் வரவில்லை, பாக்ஸும் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி புகார், மறுபடி "தீர்க்கப்பட்டது". மூன்றாவது புகாருக்குப் பிறகு 24-ஆம் நாள் ஒரு தம்பி வந்து பாக்ஸை மாற்றினான். நல்ல பிள்ளை. வெயிலில் பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் ஒற்றை ஆளாக ஓடுகிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் கஸ்டமர் கேரில் கேட்டேன். "23 நாள் டிவி வரலையே தம்பி, அதுக்கு உண்டான தொகையைக் கழிச்சுக் குடுங்க."

"மேடம், உங்க பிளான்ல டிவிக்குன்னு சார்ஜ் கிடையாது. அது ஃப்ரீ. ஃப்ரீயா குடுத்ததுக்கு எப்படி மேடம் கழிக்கிறது?"

"சரிப்பா. அப்ப டிவி எனக்கு வேண்டாம். எடுத்துட்டு விலையைக் குறைச்சுக்கங்க."

"ஃப்ரீயா இருக்கிறத எடுத்தா விலை எப்படி மேடம் குறையும்? அதுக்குக் கீழ வேற பிளான் இருக்கு. ஆனா மாறினா நீங்க கட்டின பணம் திரும்ப வராது."

இந்தப் பதில்களை நன்றாகப் பாருங்கள் பிள்ளைகளா. விற்கும்போது டிவி பெரிய எழுத்தில் இருந்தது. கெட்டுப்போனபோது அது இலவசமாகிவிட்டது. இலவசம் என்கிற வார்த்தை இங்கே தயவுக்காக வரவில்லை. பொறுப்பிலிருந்து தப்பிக்க வருகிறது. மூன்று பொருளுக்கும் சேர்த்து ஒரே விலை போட்டுவிட்டால் எந்தப் பொருள் கெட்டாலும் "அதுக்குத் தனி விலை இல்லை" என்று சொல்லிவிடலாம். கூட்டுத்தொகையை மட்டும் காட்டி, எந்தெந்த எண்ணைக் கூட்டினோம் என்பதை மறைத்தால் அந்தக் கணக்குக்கு நான் மார்க் போட்டிருப்பேனா?

ஆறு மாதம் முடிந்து மகள் சென்னைக்குப் போனதும் கணக்குப் போட்டேன். 399 ரூபாய் நெட் பிளானிலேயே எனக்குப் போதுமான வேகம் உண்டு. வரியோடு 470 ரூபாய் 82 காசு. உள்ளூர் கேபிளுக்கு 200. மொத்தம் 670 ரூபாய் 82 காசு. பழைய கட்டுக்கும் இதற்கும் மாதம் 272 ரூபாய் வித்தியாசம், வருஷத்துக்கு 3,264 ரூபாய். அந்தப் பணத்துக்கு எனக்குக் கிடைத்தவை நான் ஒருநாளும் திறக்காத பன்னிரண்டு ஆப்புகளும், தேவைக்கு மேற்பட்ட வேகமும்தான். பெரிய குடும்பத்துக்கு, படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அந்தக் கட்டு லாபமாக இருக்கலாம். தனியாக இருக்கிற அம்மாவுக்கு லாபமா என்று பேப்பரில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாறியபோது இன்னொன்றும் போனது. அந்தக் கட்டோடு வந்த வீட்டு நம்பர். செல்போனில் 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம். வீட்டுப் போனுக்கு அந்த வசதி நம் நாட்டில் இல்லை. ஆறு மாதத்தில் பாதிச் சொந்தக்காரர்களுக்கு அந்த நம்பரைக் கொடுத்திருந்தோம். கம்பெனியை விட்டால் நம்பரையும் விட வேண்டும். இதற்குப் பயந்தே பலர் பிடிக்காத இணைப்பை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பணக்கதை இத்தோடு போதும். இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா, எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். மகன் வளைகுடாவில். பாசமான பிள்ளை. அங்கிருந்தே ஆன்லைனில் மூன்றும் சேர்ந்த இணைப்பு போட்டுக் கொடுத்தான். வீட்டுப் போனில் எவ்வளவு பேசினாலும் காசில்லை என்பதால் அக்கா தன் பட்டன் போனுக்கு ரீசார்ஜ் பண்ணுவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் ஐஸ் ஏற்றி வந்த லாரி, கம்பத்துக்குக் கம்பம் தாழத் தொங்கிய வயரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நெட், டிவி, போன் மூன்றும் ஒரே நொடியில் போயின.

மகன் கூப்பிடுகிறான், மணியே அடிக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டான். குரல் நடுங்கியது. "டீச்சர், அம்மா எடுக்க மாட்டேங்குது. கொஞ்சம் போய்ப் பாருங்களேன்." டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். "டிவி இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்கு, அதான் வெளிய வந்து உக்காந்தேன்" என்றார். நல்லபடியாகத்தான் இருந்தார். என் போனில் மகனோடு பேச வைத்தேன்.

மறுநாள் புகார் கொடுக்கப் போனால் அடுத்த சிக்கல். இணைப்பு மகன் பெயரில். பதிவு செய்த செல் நம்பரும் அவனுடையது. ஓ.டி.பி. கடல் தாண்டிப் போகிறது. அவன் டூட்டியில் இருந்தால் போனைத் தொட முடியாது. "பதிவு செய்த எண்ணிலிருந்து அழைக்கவும்" என்று இந்தப் பக்கம் இயந்திரக் குரல் சொல்கிறது. வீட்டில் வயர் அறுந்து கிடக்கிறது, அறுந்தது என்று சொல்கிற உரிமை வீட்டில் இருப்பவருக்கு இல்லை. நான்கு நாள் ஆனது சரியாவதற்கு.

இதை யோசித்துப் பாருங்கள். பாசத்தில்தான் செய்தான். ஆனால் அம்மாவின் கையில் இருந்த மூன்று கயிறும் ஒரே கயிறாகி, அதன் நுனி வேறொரு நாட்டில் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொரு விஷயம், வயதானவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது. பழைய செம்புக் கம்பி போன் கரண்ட் போனாலும் வேலை செய்தது ஏன் தெரியுமா? அந்தப் போனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருக்கிற 48 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே கம்பியில் வந்தது. வீட்டில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று அது கேட்காது. ஃபைபரில் வருவது வெளிச்சம். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. வீட்டில் இருக்கிற மோடம் ஓடினால்தான் போன் ஓடும். கரண்ட் போய், இன்வெர்ட்டரும் இல்லையென்றால் வீட்டுப் போன் வெறும் பொம்மை. பார்ப்பதற்கு அதே பழைய போன் போல் இருப்பதால் அம்மா அப்பாவுக்கு இது தெரியாது. நம்பி இருப்பார்கள்.

இங்கிலாந்தில் பழைய போனை எடுத்துவிட்டு இப்படி மாற்றும்போது, வேறு வழியில் அவசர அழைப்பு செய்ய முடியாத வீடுகளுக்குக் கரண்ட் போனால் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர எண் கிடைக்க ஏற்பாடு வேண்டும் என்று அங்கே உள்ள தொலைத்தொடர்பு ஆணையம் கம்பெனிகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. நம் ஊரில் இணைப்பு கொடுக்க வருகிற தம்பி "கரண்ட் போனா போன் வேலை செய்யாது பாட்டி" என்ற ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் போனாலே பெரிய உபகாரம்.

நாம் இருப்பது தீவு. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏறினால் வயிற்றைக் கலக்குகிற ஊர் இது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2024 நவம்பர் 20-ஐ நினைத்துப் பாருங்கள். பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19 செ.மீ. மழை. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல். தெருவெல்லாம் குளம். அப்படிப்பட்ட நாளில் அம்மாவுக்கு வேண்டியது நூறு சேனலோ பன்னிரண்டு ஆப்போ இல்லை. ஒரு போன், ஒரு அழைப்பு. செல் கோபுரமும் புயலில் விழலாம், பேட்டரி தீர்ந்து நிற்கலாம். உண்மைதான். அதனால்தான் ஒன்றுக்கு இரண்டு வழி வேண்டும் என்கிறேன்.

தனித்தனியாக இருப்பதன் அருமையைத் தமிழ்நாடே ஒருமுறை பார்த்திருக்கிறது. 2022 நவம்பரில் அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸ்களுக்கு மென்பொருள் கொடுத்த தனியார் நிறுவனத்தோடு வந்த தகராறில் லட்சக்கணக்கான வீட்டில் டிவி நின்றது. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஆனால் அன்றைக்கு அந்த வீடுகளில் போனும் நெட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் அவை வேறு வயர், வேறு ஆள். டிவி போனதைப் போன் பண்ணிச் சொல்ல முடிந்தது. மூன்றும் ஒரே கட்டில் இருந்திருந்தால்?

"அரசாங்கம் விதி போட்டால் சரியாகிவிடுமே டீச்சர்" என்று கேட்பீர்கள். டிவி சேனலில் அதையும் பார்த்தோம். 2019 பிப்ரவரியிலிருந்து, பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்று டிராய் விதி வந்தது. 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் வேண்டிய சேனலை நாமே பொறுக்கிக்கொள்ளலாம். நல்ல எண்ணம். என்ன நடந்தது? மக்கள் விரும்பிப் பார்க்கிற சேனல்களுக்குத் தனி விலை 19 ரூபாய் வரைக்கும் வைத்தார்கள். கட்டாக எடுத்தால் மலிவு, தனியாக எடுத்தால் விலை அதிகம் என்று செய்துவிட்டார்கள். பிரித்து வாங்குகிற உரிமை காகிதத்தில் இருந்தது, வீட்டுக்கு வந்தது மறுபடியும் கூறுதான். 2024 ஜூலையில் அந்த அடிப்படைக் கட்டண உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள்.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. டிராயின் சேனல் விலை விதிகள் கேபிளுக்கும் டி.டி.எச்-க்கும் ஐ.பி.டி.வி-க்கும் பொருந்தும். ஆப் வழியாக வருகிற டிவிக்குப் பொருந்தாது. உங்கள் கட்டில் இருக்கிற டிவி எந்த வகை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "ஆப்புல வரும்" என்றால் அந்தச் சேனல் உரிமைகள் உங்களுக்கு இல்லை என்று அர்த்தம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கென்றே சட்டம் போட்டிருக்கிறார்கள். 2018-ல் கொண்டுவந்த தொலைத்தொடர்புச் சட்டத் தொகுப்பின் 107-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: கட்டில் இருக்கிற ஒரு சேவை சொன்னபடி இல்லாமல், அதை விட்டு விலக உரிமை வருமானால், வாடிக்கையாளர் விரும்பினால் முழுக் கட்டிலிருந்தும் விலகலாம். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதோடு, பில்லில் நெட்டுக்கு இவ்வளவு, போனுக்கு இவ்வளவு, டிவிக்கு இவ்வளவு என்று மூன்று வரி அச்சிட வேண்டும். வீட்டு நம்பரையும் செல் நம்பர் போலக் கையோடு கொண்டுபோக விட வேண்டும். இந்த மூன்றும் என் கோரிக்கை. டிராய் புது விதி கொண்டுவரும் முன் பொதுமக்களிடம் கருத்து கேட்கும். நம் பிள்ளைகளில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். எழுதி அனுப்புங்கள்.

அது வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இப்போதே கையில் இருக்கிற உரிமைகள் சில:

புகார் கொடுத்தால் புகார் எண் கொடுத்தே ஆக வேண்டும். அதைக் காலண்டரில் தேதியோடு எழுதி வையுங்கள். "தீர்க்கப்பட்டது" என்று பொய் மெசேஜ் வந்தால் போட்டோ எடுத்து வையுங்கள்.

பதில் திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் கிடையாது. அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்த அதிகாரி இருப்பதே பலருக்குத் தெரியாது, கஸ்டமர் கேரில் சொல்லவும் மாட்டார்கள். டிராய் தனிப்பட்ட புகாரை நேரடியாக விசாரிக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நெட், வீட்டுப் போன் பழுதை மூன்று நாளைக்கு மேல் சரிசெய்யாமல் விட்டால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று டிராய் விதி இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. 2009-ல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி, தொலைபேசி வழக்குக்கு நுகர்வோர் மன்றத்தில் இடமில்லை என்று ரொம்ப நாள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2022 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, இடமுண்டு என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கைப் போட்டவர் மாதம் சராசரியாக 555 ரூபாய் பில் கட்டிக்கொண்டிருந்த ஒரு சாதாரண வாடிக்கையாளர். ஒரு மாதம் அவருக்கு 24,609 ரூபாய் பில் வந்தது. "நமக்கெதுக்கு வம்பு" என்று விட்டிருந்தால் நம் எல்லாருக்கும் அந்தக் கதவு இன்றும் மூடியே இருந்திருக்கும்.

இனி, ஊரில் அம்மா அப்பாவுக்கு இணைப்பு போடப் போகிற பிள்ளைகளுக்கு டீச்சர் கொடுக்கிற வீட்டுப்பாடம்:

1. இணைப்பு அம்மா அல்லது அப்பா பெயரில். பதிவு செய்கிற செல் நம்பரும் அவர்களுடையது. பணத்தை நீங்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் கட்டுங்கள்.

2. வேறு கம்பெனி சிம் போட்ட ஒரு பட்டன் போன். ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பெரிய எழுத்தில் நான்கு நம்பர் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதில் ஒன்று 112, ஒன்று பக்கத்து வீடு.

3. முதல் தடவை ஆறு மாதம், ஒரு வருஷம் என்று முன்பணம் கட்டாதீர்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

4. கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி: வரியோடு எவ்வளவு? டிவி வேண்டாம் என்றால் எவ்வளவு? பாதியில் விட்டால் எவ்வளவு திரும்ப வரும்? பதிலை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

5. மோடத்துக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லையென்றால், கரண்ட் போகும்போது வீட்டுப் போன் வேலை செய்யாது என்பதை அவர்களுக்கே ஒருமுறை மெயினை அணைத்துக் காட்டுங்கள். சொன்னால் மறந்துவிடுவார்கள், பார்த்தால் மறக்க மாட்டார்கள்.

6. இணைப்பு போட வருகிற தம்பியின் நம்பரை வாங்கி வையுங்கள். மரியாதையாகப் பேசுங்கள். கஸ்டமர் கேரைவிட அவன்தான் உதவுவான்.

என் கருத்தை இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. மூன்றும் சேர்ந்த பிளான் நல்லதா கெட்டதா என்பதைவிட, அது கெட்டுப்போகிற அன்றைக்கு வீட்டில் இருப்பவர் கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. டிவி நின்றால் ஒருநாள் பொறுக்கலாம். நெட் நின்றால் பேரப்பிள்ளை முகம் நாளைக்குப் பார்க்கலாம். போன் நிற்கக் கூடாது.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். உங்கள் வீட்டு பில்லையும் வரியோடு கூட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆறாம் வகுப்புக் கணக்குதான், யாரும் தப்பிக்க முடியாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
தங்கச்சிமடம்